மார்ஃபோலினோ போட்டால் கெடுகிறது, கிறிஸ்பரால் வெட்டினால் கெடவில்லை: ஜீப்ரா மீனில் எதை நம்புவது?

நீங்கள் கேட்டது இது: ஒரு மரபணுவை மார்ஃபோலினோ என்ற செயற்கை இழையைச் செலுத்தி அடக்கினால் ஜீப்ரா மீன் கருவின் ரத்தக்குழாய்கள் சீர்குலைகின்றன, அதே மரபணுவை, டிஎன்ஏவைக் குறித்த இடத்தில் வெட்டும் கிறிஸ்பர் கருவியால் வெட்டி வளர்த்த மீன் நன்றாக நீந்துகிறது, முட்டையும் இடுகிறது, இந்த இரண்டில் எதை நம்பி முனைவர் பட்டத்துக்கான நான்கைந்து வருடத்தைப் போடுவது? மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டு கருவிகளில் எது உயர்ந்தது என்ற கேள்வி போலத் தெரிகிறது. அதற்குள்ளே இருப்பது இன்னும் ஆழமான கேள்வி. ஒரு மரபணு கெட்டுப்போனதைக் கருவின் செல்கள் எப்படி அறிகின்றன, அறிந்தபின் மற்ற மரபணுக்களை எப்படித் திருப்பி இயக்குகின்றன என்பதுதான் அது. அதனால் உங்கள் முரண்பாடு சோதனை கெட்டதற்கான அறிகுறியாகவும் இருக்கலாம், ஒரு நல்ல கண்டுபிடிப்பின் வாசலாகவும் இருக்கலாம். எது என்பதைப் பிரித்தறிய வழி இருக்கிறது.

இந்தத் துறை எந்தத் திசையிலிருந்து வந்தது என்று தெரிந்தால் முரண்பாடு புரியும். அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர் 1981இல் ஜீப்ரா மீனை மரபியல் ஆய்வுக்குரிய உயிரியாக நிறுவினார். அதன்பின் ஜெர்மனியின் டூபிங்கனிலும் அமெரிக்காவின் பாஸ்டனிலும் ரசாயனத்தால் கண்டபடி பிறழ்வுகளை உண்டாக்கி, கெட்ட கருக்களை ஆயிரக்கணக்கில் தேடிப் பிடித்தார்கள். அந்த முடிவுகள் 1996 டிசம்பரில் ஒரே இதழில் மொத்தமாக வெளிவந்தன. அங்கே முதலில் கிடைத்தது குறைபாடு, பிறகுதான் மரபணு. இந்தப் பாதை எவ்வளவு நீளமானது என்பதற்கு டிடியர் ஸ்டெய்னியர் என்ற விஞ்ஞானியின் வாழ்க்கையே சான்று. பாஸ்டனில் மார்க் ஃபிஷ்மனின் ஆய்வகத்தில் மீனின் இதயத்தை ஆராயத் தொடங்கிய அவர், ரத்தச் செல்களும் ரத்தக்குழாய் உட்சுவர்ச் செல்களும் ஏறத்தாழ இல்லாமலே வளரும் ‘க்ளோஷ்’ என்ற பிறழ்வை 1995இல் விவரித்தார். இதயம் மணி போல விரிந்திருப்பதால் பிரெஞ்சு மொழியில் மணியைக் குறிக்கும் அந்தப் பெயர். எந்த மரபணு கெட்டதால் அப்படி ஆகிறது என்பதை அவர் குழு 2016இல்தான் உறுதியாகச் சொல்ல முடிந்தது. அது என்பாஸ்4எல் என்ற படியெடுப்புக் காரணிக்கான, அதாவது மற்ற மரபணுக்களை இயக்கும் புரதத்துக்கான, மரபணு. 13ஆவது குரோமோசோமின் நுனியருகே, வரிசையைச் சரியாகப் படிக்கக் கடினமான பகுதியில் அது இருந்தது. கருவில் மிகக் குறைந்த அளவில், சிறிது நேரமே இயங்கவும் செய்தது. அந்த ஒரு பெயருக்கு 21 வருடங்கள் பிடித்தன.

2000ஆம் ஆண்டில் நசேவிசியஸ், எக்கர் என்ற ஆய்வாளர்கள் மார்ஃபோலினோவை ஜீப்ரா மீனில் பயன்படுத்திக் காட்டியபோது எல்லோரும் ஏன் அதைத் தாவிப் பிடித்தார்கள் என்பது இப்போது புரியும். மரபணுவின் வரிசை தெரிந்தால் போதும், அடுத்த நாளே விளைவைப் பார்க்கலாம். மார்ஃபோலினோ சுமார் 25 காரங்கள் கொண்ட ஒரு செயற்கை இழை. சர்க்கரைக்குப் பதிலாக மார்ஃபோலின் வளையத்தில் காரங்கள் கோக்கப்பட்டிருப்பதால் செல்லின் நொதிகளால் அதை உடைக்க முடியாது. அது எம்ஆர்என்ஏவை, அதாவது புரதம் செய்வதற்காக மரபணுவிலிருந்து எடுக்கப்படும் நகலை, அழிப்பதில்லை, அதன் மேல் போய் உட்கார்ந்துகொள்கிறது. புரத உருவாக்கம் தொடங்கும் இடமான தொடக்கக் குறியனின் மேல் உட்கார்ந்தால் புரதம் உருவாவது (மொழிபெயர்ப்பு) நிற்கும். இன்ட்ரானும் (வெட்டி எறியப்படும் துண்டு) எக்ஸானும் (தங்கும் துண்டு) சேரும் இடத்தில் உட்கார்ந்தால், இன்ட்ரான்களை நீக்கி எக்ஸான்களை இணைக்கும் ஒட்டுவேலை தவறும். ‘அழிப்பதில்லை’ என்பதை மனதில் வைத்திருங்கள், பின்னால் அதுதான் முக்கியமாகப்போகிறது.

2013இல் கிறிஸ்பர் மீனுக்கு வந்ததும் பழைய மார்ஃபோலினோ முடிவுகளை நிலையான பிறழ்வுகளோடு ஒப்பிட முடிந்தது. 2015இல் நேதன் லாசன் என்ற ஆய்வாளரின் குழு வெளியிட்ட ஒப்பீட்டில், மார்ஃபோலினோவால் வந்ததாகப் பதிவான குறைபாடுகளில் ஏறத்தாழ 80 சதவீதம் பிறழ்வு மீன்களில் காணப்படவில்லை. அதே ஆண்டு ஸ்டெய்னியரின் குழு (அவர் 2012 முதல் ஜெர்மனியின் பாட் நாவ்ஹைமில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் இருக்கிறார்) ஈஜிஎஃப்எல்7 என்ற ரத்தக்குழாய் மரபணுவை எடுத்துக்கொண்டது. மார்ஃபோலினோ போட்ட கருவில் குழாய்கள் மோசமாகக் கெட்டன, பிறழ்வுக் கருவில் பெரிய கேடு ஏதுமில்லை. உங்கள் நிலைமைதான், அச்சு அசலாக. பிறழ்வுக் கருவில் எமிலின் குடும்பத்து மரபணுக்கள் கூடுதலாக இயங்கி இழப்பை ஈடுகட்டியிருந்தன. மார்ஃபோலினோ போட்ட கருவில் அந்த ஏற்றம் இல்லை. ஆகவே, ‘80 சதவீதம் பொய்’ என்று ஒரே வீச்சில் தள்ளிவிடுவது தவறு. அந்த 80க்குள் நச்சு விளைவும் இருக்கிறது, உண்மையான ஈடுகட்டலும் இருக்கிறது. உங்களுடையது எந்தப் பக்கம் என்பதை நீங்கள்தான் சோதித்துக் காட்ட வேண்டும்.

முதலில் மார்ஃபோலினோ பக்கத்தைச் சுத்தம் செய்யுங்கள், ஏனென்றால் இங்கே ஒரு வாரத்தில் விடை கிடைக்கும். மாலையில் ஆணையும் பெண்ணையும் தடுப்பு வைத்துத் தனித்தனியே விட்டு, காலையில் விளக்கு எரிந்ததும் தடுப்பை எடுத்தால், முட்டைகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே வயதில் கிடைக்கும். கருவுற்ற 45 நிமிடத்தில் முதல் பிரிவு முடிந்துவிடும். அதன்பின் சுமார் 15 நிமிடத்துக்கு ஒரு பிரிவு. ஊசி நுனியை உடைத்த பிறகு, கனிம எண்ணெயில் ஒரு துளி விட்டு விட்டத்தை அளவுகோல் தகட்டில் பாருங்கள். 125 மைக்ரான் விட்டமுள்ள துளி என்றால் 1 நானோலிட்டர். இதை ஒவ்வொரு புது ஊசிக்கும் செய்ய வேண்டும். விட்டம் இரண்டு மடங்கானால் கொள்ளளவு எட்டு மடங்காகிவிடும் என்பதை மறந்தவர்களின் ‘4 நானோகிராம்’ உண்மையில் என்னவென்று யாருக்கும் தெரியாது. மார்ஃபோலினோ கரைசலை அறை வெப்பநிலையில் இறுக மூடி வைப்பது நல்லது. பனிக்கட்டியில் வைத்தால் சில வரிசைகள் கரைசலிலிருந்து பிரிந்து குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். பழைய கரைசலை 65 டிகிரியில் 10 நிமிடம் சூடாக்கி, சுழற்றிக் கலந்து, பிறகு எடுங்கள். போன மாதம் வேலை செய்தது இந்த மாதம் செய்யவில்லை என்ற புலம்பலில் பாதி இங்கேயே தீரும்.

ஒரே அளவைப் போட்டுவிட்டு முடிவு சொல்லாதீர்கள். 1, 2, 4 நானோகிராம் என்று ஏற்றிக்கொண்டே போய், குறைபாடு தெரியத் தொடங்கும் மிகக் குறைந்த அளவைக் கண்டுபிடித்து அங்கேயே நில்லுங்கள். அதிக அளவில் பல மார்ஃபோலினோக்கள், எந்த மரபணுவுக்கு எழுதப்பட்டவை என்ற வித்தியாசமில்லாமல், பி53 என்ற, சேதமடைந்த செல்லைச் சாகவைக்கும் புரதத்தின் வழியாகச் செல் சாவைத் தூண்டும். அது கண்ணுக்கே தெரியும்: 24 மணி நேரக் கருவில் மூளைப் பகுதி சாம்பல் நிறமாக மங்கியிருக்கும், தலையும் கண்ணும் சிறுத்திருக்கும், வால் வளைந்திருக்கும், பிறகு இதயத்தைச் சுற்றி நீர் கோக்கும். உங்கள் ‘ரத்தக்குழாய்க் குறைபாடு’ இந்தத் தோற்றத்தோடு சேர்ந்தே வருகிறதென்றால் அதைக் குழாய்க் குறைபாடு என்று சொல்ல உரிமை இல்லை. பி53க்கு எதிரான மார்ஃபோலினோவைக் கூடச் சேர்த்துச் செலுத்துவது செல் சாவை மறைக்கும். ஆனால் அது மற்ற எல்லாத் தவறான விளைவுகளையும் நீக்கிவிடாது. பலர் இந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள். என் பார்வையில் அது போதாது.

ரத்தக்குழாயை ஆராய்பவர்களுக்கு இன்னொரு குழி இருக்கிறது, அது வளர்ச்சித் தாமதம். முதுகுத் தமனியிலிருந்து உடற்கண்டங்களுக்கு இடையே மேலேறும் கிளைக்குழாய்கள் 20, 22 மணி நேரத்தில்தான் முளைக்கத் தொடங்கும். ஊசி போட்ட கரு மூன்று மணி நேரம் பின்தங்கியிருந்தால், கடிகாரத்தைப் பார்த்துப் படம் எடுப்பவருக்குக் ‘குழாய் வளரவில்லை’ என்றுதான் தோன்றும். அதனால் 28.5 டிகிரியில் ஆன மணியைக் கொண்டு ஒப்பிடாமல், உடற்கண்டங்களின் எண்ணிக்கையைக் கொண்டு ஒப்பிடுங்கள். 24 மணியில் சுமார் 30 இணைகள் இருக்கும். ஊசி போடாத உடன்பிறந்த கருக்களையும், ஊசியில் வெறும் சாயக் கரைசல் பெற்றவற்றையும் ஒரே தட்டு அடர்த்தியில், ஒரே வெப்பக் கூண்டில் வையுங்கள். நிறமி வராமல் தடுக்க 0.003 சதவீத பிடியூ சேர்ப்பதானால் எல்லாக் குழுக்களுக்கும் சேர்க்க வேண்டும். 6 மணி நேரத்தில் கருவுறாத முட்டைகளை எல்லாத் தட்டிலிருந்தும் பொறுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் அவை ‘மார்ஃபோலினோவால் இறந்தவை’ கணக்கில் ஏறிவிடும். ஊசி போடாத தட்டிலேயே பத்தில் ஒன்றுக்கு மேல் செத்தால் அன்றைய முட்டைத் தொகுதியைக் கைவிடுவதே மேல்.

அடக்கம் உண்மையில் நடந்ததா என்பதற்கும் சான்று வேண்டும். ஒட்டுவேலையைத் தடுப்பதென்றால் 24 மணிக் கருவிலிருந்து ஆர்என்ஏ எடுத்து, பிசிஆரில் எக்ஸான் விடுபட்டதையோ இன்ட்ரான் தங்கியதையோ காட்டலாம். மொழிபெயர்ப்பைத் தடுப்பதென்றால் எதிர்ப்பொருள் கொண்டுதான் புரதக் குறைவைக் காட்ட முடியும். ஒரே மரபணுவின் வேறு வேறு இடங்களைத் தாக்கும் இரண்டு மார்ஃபோலினோக்கள் ஒரே குறைபாட்டைத் தர வேண்டும். மார்ஃபோலினோ ஒட்ட முடியாதபடி மாற்றிய எம்ஆர்என்ஏவைச் சேர்த்துச் செலுத்தினால் குறைபாடு குறைய வேண்டும். 50 முதல் 200 பிக்கோகிராம் வரை முயன்று பார்க்கலாம். ஆனால் அந்த எம்ஆர்என்ஏ கருவின் எல்லாச் செல்லுக்கும் போய்ச் சேரும், ஒரு நாளுக்குள் பெரும்பாலும் சிதைந்தும்விடும். குழாயில் மட்டும், தாமதமாக, இயங்க வேண்டிய மரபணுவுக்கு இந்த மீட்புச் சோதனை தோற்றால் அதை வைத்து எதையும் நிராகரிக்க முடியாது.

இனி பிறழ்வு மீன் பக்கம். ‘கிறிஸ்பரால் வெட்டினேன்’ என்பதும் ‘மரபணு செயலிழந்தது’ என்பதும் ஒன்றல்ல. கிறிஸ்பரின் வெட்டும் நொதியான காஸ்9 முட்டையில் செலுத்திய பிறகும் பல பிரிவுகள் வரை வெட்டிக்கொண்டிருக்கும்; அதனால் முதல் தலைமுறை மீனின் உடலில் வெவ்வேறு செல்களில் வெவ்வேறு பிறழ்வு இருக்கும். அதை மூன்று மாதம் வளர்த்து, இயல்பான மீனோடு இணைத்து, பிறந்த குஞ்சுகளை மீண்டும் மூன்று மாதம் வளர்த்து, வால் துடுப்பின் நுனியை வெட்டி வரிசை படித்து, ஒரே பிறழ்வுள்ள ஆணையும் பெண்ணையும் சேர்த்தால்தான் நாலில் ஒரு கரு இரு பிரதியும் கெட்டதாகக் கிடைக்கும். மூன்றால் வகுபடாத நீள இழப்பைத் தேர்ந்தெடுத்தால், மும்மூன்று எழுத்தாகப் படிக்கும் வாசிப்புச் சட்டகம் பிசகும் என்பது பாடம். மீன் பாடத்தின்படி நடப்பதில்லை. வெட்டுப்பட்ட எக்ஸானையே தாண்டிவிட்டு ஒட்டுவேலை நடந்து சட்டகம் சரியாகிவிடலாம், கீழே உள்ள வேறொரு தொடக்கக் குறியனிலிருந்து புரதம் உருவாகலாம். ஆகவே டிஎன்ஏ வரிசையோடு நிறுத்தாமல், இரு பிரதியும் கெட்ட கருவின் எம்ஆர்என்ஏவிலிருந்து சிடிஎன்ஏ (எம்ஆர்என்ஏவின் டிஎன்ஏ நகல்) எடுத்து முழு நீளமும் படியுங்கள். காஸ்9க்கு வெட்டும் இடத்தைக் காட்டும் வழிகாட்டி ஆர்என்ஏவைப் புரதத்தின் முக்கியப் பகுதிக்குள்ளேயே வெட்டும்படி எழுதியிருந்தால் இந்தத் தொல்லை குறையும். மீன் கடையில் வாங்கிய கூட்டமாக இருந்தால் இன்னொரு எச்சரிக்கை: ஆய்வகங்களின் பொது மரபணுத்தொகை வரிசைக்கும் உங்கள் மீனுக்கும் இடையே வேறுபாடுகள் ஏராளமாக இருக்கும். வழிகாட்டிக்கும் மார்ஃபோலினோவுக்கும் உரிய இடத்தை உங்கள் மீனிலேயே படித்து உறுதிசெய்யாமல் எதையும் வாங்காதீர்கள்.

அடுத்து தாய் தந்த சேமிப்பு. ஜீப்ரா மீன் கரு முதல் மூன்று மணி நேரம் வரை, ஏறத்தாழ முழுவதும், தாய் முட்டையில் நிரப்பிவைத்த எம்ஆர்என்ஏவையும் புரதத்தையும் கொண்டே வாழ்கிறது. அதன்பின்தான் நானாக், பௌ5எஃப்3, சாக்ஸ் வகைப் புரதங்கள் கருவின் சொந்த மரபணுக்களை எழுப்புகின்றன. எழுந்தவற்றில் ஒன்றான எம்ஐஆர்-430 என்ற சிறு ஆர்என்ஏ தாயின் எம்ஆர்என்ஏக்களைத் துடைக்கிறது. ஒரு பிரதி மட்டும் கெட்ட தாயின் முட்டையில் நல்ல எம்ஆர்என்ஏ இருக்கும். அது இரு பிரதியும் கெட்ட கருவையும் சில காலம் தாங்கிப்பிடிக்கும். மொழிபெயர்ப்பைத் தடுக்கும் மார்ஃபோலினோ அந்தச் சேமிப்பையும் முடக்கும். ஒட்டுவேலையைத் தடுப்பது முடக்காது, ஏனென்றால் தாயின் எம்ஆர்என்ஏ ஏற்கெனவே ஒட்டி முடிந்தது. ஆகவே முதல் வகை மட்டும் கேடு தந்து இரண்டாம் வகை தரவில்லையென்றால் தாய்ச் சேமிப்பைச் சந்தேகியுங்கள். உங்கள் பிறழ்வு மீன் வளர்ந்து முட்டை இடுகிறது என்கிறீர்கள், அது பெரிய வசதி. இரு பிரதியும் கெட்ட தாயை எடுத்து அடுத்த தலைமுறையைப் பாருங்கள்.

இரட்டை மரபணுக்களையும் மறக்கக் கூடாது. இன்றைய எலும்பு மீன்களில் மிகப் பெரும்பாலானவை அடங்கிய டீலியோஸ்ட் என்ற பிரிவின் மூதாதைக்கு மரபணுத்தொகை முழுவதும் ஒருமுறை இரட்டித்தது. மனித மரபணுக்களில் சுமார் 70 சதவீதத்துக்கு ஜீப்ரா மீனில் இணை உண்டு என்று 2013இல் வெளியான வரிசை காட்டியது. அவற்றில் பலவற்றுக்கு ஏ, பி என்று இரண்டு பிரதிகள் உண்டு. ஏ போனால் பி பார்த்துக்கொள்வது சாதாரண விஷயம். இங்கே பி கூடுதலாக இயங்க வேண்டிய அவசியம்கூட இல்லை, முன்பு இயங்கிய அளவே போதும்.

இவை எல்லாம் விலகிய பிறகு எஞ்சுவதுதான் சுவையான பகுதி. 2019இல் ஸ்டெய்னியரின் குழுவும், சீனாவில் இன்னொரு குழுவும், ஈடுகட்டலைத் தூண்டுவது புரதம் இல்லாமை அன்று, கெட்ட எம்ஆர்என்ஏதான் என்று காட்டின. இடையிலேயே நிறுத்தக் குறியன் வந்த எம்ஆர்என்ஏவைச் செல் அடையாளம் கண்டு சிதைக்கிறது. அதோடு தொடர்ந்து, வரிசை ஒத்த உறவு மரபணுக்களின் படியெடுப்பு ஏறுகிறது. கெட்ட எம்ஆர்என்ஏவே உருவாகாத பிறழ்வுகளில் இந்த ஏற்றம் வரவில்லை, குறைபாடும் கடுமையாக இருந்தது. மார்ஃபோலினோ எம்ஆர்என்ஏவை அழிப்பதில்லை என்று மேலே சொன்னதை இங்கே பொருத்திப் பாருங்கள். தூண்டும் பொருளே உருவாகாததால் மார்ஃபோலினோ போட்ட கருவில் ஈடுகட்டல் நிகழாதது புரியும். இதுவரை உறுதி. உறவு மரபணுக்களை அந்தச் சிதைவு எந்தப் பாதையில் போய்ச் சேர்கிறது, சிதைவே காரணமா அல்லது அந்தச் சிதைவு வேலையோடு தொடர்புடைய யுபிஎஃப்3ஏ போன்ற புரதங்களின் வேறு வேலையா என்பதில் அந்த இரண்டு ஆய்வுகளின் அழுத்தமும் வேறு வேறு இடத்தில் விழுந்தது. ஒரு குறைபாடு இல்லாத பிறழ்வைப் பார்த்ததுமே ‘ஈடுகட்டல்’ என்று எழுதிவிடுவதும் இப்போது வழக்கமாகிவருகிறது. சோதிக்காமல் அப்படி எழுதுவது, சோதிக்காமல் மார்ஃபோலினோவை நம்பியதற்கு எந்த விதத்திலும் குறைந்த தவறல்ல.

ஆகவே, உங்களிடம் இரண்டும் கையில் இருப்பதால், முதலில் செய்ய வேண்டிய சோதனை ஒன்றுதான்: அதே மார்ஃபோலினோவை, அதே அளவில், பிறழ்வுக் கருக்களிலேயே செலுத்துங்கள். ஒரு பிரதி கெட்ட பெற்றோரை இணைத்து, எந்தக் கரு எது என்று தெரியாமலே எல்லாவற்றிலும் செலுத்தி, குறைபாட்டைக் குறித்துக்கொண்டு, பிறகு வால் நுனியிலிருந்து டிஎன்ஏ படியுங்கள். இயல்பான உடன்பிறப்புகள் கெட்டு, இரு பிரதியும் கெட்டவை மட்டும் தப்பினால், மார்ஃபோலினோ அந்த மரபணு வழியாகத்தான் வேலை செய்கிறது. பிறழ்வுக் கரு எதையோ ஈடுகட்டுகிறது. எல்லாக் கருக்களும் ஒரே அளவில் கெட்டால், பிறழ்வில் எஞ்சிய செயல்பாடு ஏதும் இல்லை என்று நீங்கள் ஏற்கெனவே சரிபார்த்திருக்கும் பட்சத்தில், கேடு வேறு எங்கிருந்தோ வருகிறது. அந்தக் கதையை அங்கேயே முடித்துவிடுங்கள், எவ்வளவு அழகான படங்கள் கையில் இருந்தாலும். ஒன்றைக் கவனியுங்கள்: மார்ஃபோலினோ ஒட்டும் இடமே உங்கள் பிறழ்வில் அழிந்திருந்தால், ஒட்ட இடமில்லாததாலேயே கரு தப்பலாம்; பிறழ்வில் எஞ்சிய செயல்பாடு இல்லை என்று சரிபார்க்காமல் அதை ஈடுகட்டல் என்று சொல்ல முடியாது.

தப்பினால், உறவு மரபணுக்களை அளவிடுங்கள். பிறழ்வுக் கரு, அதன் இயல்பான உடன்பிறப்பு, மார்ஃபோலினோ போட்ட கரு ஆகிய மூன்றிலும் ஒரே வளர்ச்சி நிலையில் ஆர்என்ஏ எடுத்து க்யூபிசிஆர் (அளவைக் கணக்கிடும் பிசிஆர்) செய்யுங்கள். வேறு தொட்டியின் இயல்பு மீனை ஒப்பீட்டுக்கு வைக்காதீர்கள். எக்ஸானுக்கு ஒரு பிரைமர் இணை, இன்ட்ரானுக்கு ஒன்று என இரண்டும் வைத்தால், கூடுதல் எம்ஆர்என்ஏ புதிதாகப் படியெடுக்கப்பட்டதா, சிதையாமல் தங்கியதா என்பது பிரியும். ஏறிய மரபணுவின் எம்ஆர்என்ஏவை மார்ஃபோலினோ போட்ட கருவில் செலுத்தினால் குறைபாடு குறைய வேண்டும். எமிலின் விஷயத்தில் அப்படித்தான் குறைந்தது. மறுபுறம், மரபணுவின் தொடக்கப் பகுதியையே, அதாவது புரோமோட்டரை, இரண்டு வழிகாட்டிகளால் வெட்டி நீக்கிய ஒரு பிறழ்வில் குறைபாடு வெளிப்பட வேண்டும். வெட்டும் பகுதியில் பக்கத்து மரபணுவின் இயக்கத்தைக் கூட்டும் டிஎன்ஏ துண்டான என்ஹான்சர் எதுவும் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வரும் குறைபாடு அந்த அயல் மரபணுவுடையதாக இருக்கும்.

வருடக் கணக்குக்கு வருகிறேன். புரோமோட்டர் நீக்கம் உங்களுக்கு விடை சொல்ல எட்டு ஒன்பது மாதம் ஆகும், பெரும்பகுதி மீன் வளரக் காத்திருப்பதுதான். அதனால் பிறழ்வுக் கருவில் மார்ஃபோலினோ செலுத்தும் சோதனையின் முடிவுக்காக நிற்காமல், அதே வாரத்தில் அந்த இரண்டு வழிகாட்டிகளையும் ஊசி போட்டு ஐம்பது அறுபது கருக்களைத் தொட்டிக்கு அனுப்பிவிடுங்கள். சோதனை எதிராக வந்தால் இழப்பு ஒரு தொட்டி மீன் மட்டுமே. சாதகமாக வந்தால், சிடிஎன்ஏவைப் படித்து, தாய்ச் சேமிப்பையும் க்யூபிசிஆரையும் முடிக்கும் நேரத்தில் அந்த மீன்களின் துடுப்பை வெட்டும் வயது வந்திருக்கும்.